ஊமைப்படத்துக்கு நடுவே ஒரு குரல்

திரையில் ஒரு பெண் ஆற்றில் இறங்கிக்கொண்டிருந்தாள். முழங்கால் வரை தண்ணீர். அப்புறம் இடுப்பு வரை. சத்தமே இல்லை. தண்ணீர் சலசலப்பது கேட்கவில்லை, அவள் அழுவதும் கேட்கவில்லை. அந்த இடம் வந்ததும் ஆர்மோனியமும் நின்றுவிட வேண்டும் என்று முன்கூட்டியே பேசி வைத்திருந்தோம்.

நான் திரைக்கு இடப்பக்கம், ஒரு சின்ன மேசை விளக்கின் வெளிச்சத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கையில் தாள். படத்தின் வசனங்களைத் திரையில் காட்டும் எழுத்து அட்டைகளைச் சத்தமாக வாசிப்பது என் வேலை. அடுத்து வரவேண்டியது பதினேழாவது அட்டை.

அப்போதுதான் இருட்டுக்குள்ளிருந்து அந்தக் குரல் வந்தது.

"எதுக்குடி சாகணும்? நான் செத்தேனா?"

என் சித்தியின் குரல்.

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். வயசான அம்மா ஒருத்தர் படத்தோடு பேசுகிறார் என்று நினைத்திருப்பார்கள். உண்மையைச் சொன்னால், எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டேன்.

அதற்கடுத்து அம்மாவின் குரல் கேட்டது. பதறிப்போய், அடித்தொண்டையிலிருந்து.

"வள்ளி, வாய மூடு. கலா காதுல விழுது."

கலா என்பது நான்.

பேசும்படமாக இருந்திருந்தால் எனக்கு எதுவுமே கேட்டிருக்காது. பின்னணி இசையில் இரண்டு பேர் குரலும் அமுங்கிப்போயிருக்கும். நானும் இன்றுவரை வேறு ஒருத்தியாகவே இருந்திருப்பேன்.

அட்டை வாசிக்கும் வேலை

ஊமைப்படம் ஒன்றுக்கு நான் எப்படி மைக் பிடிக்கப் போனேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

காரைக்குடியில் முப்பத்தோரு வருடம் தமிழ் டீச்சராக இருந்தவள் நான். நடத்திய பாடம் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறதோ தெரியாது, குரல் மட்டும் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. பள்ளி ஆண்டு விழா, குடமுழுக்கு, நூலக விழா, கண் சிகிச்சை முகாம் என்று மஞ்சுவிரட்டைத் தவிர எல்லாவற்றுக்கும் என்னைத்தான் அழைப்பார்கள். விருப்ப ஓய்வு பெற்ற பிறகும் அது நிற்கவில்லை.

பக்கத்து ஊர் ஒன்றில் பெரிய வீடு ஒன்றைப் பாகம் பிரித்தபோது மேல்மாடி அறையில் மூன்று தகர டப்பாக்கள் கிடைத்தன. உள்ளே பிலிம் சுருள்கள். ஒன்று பொடிப்பொடியாகிப் போயிருந்தது. மற்ற இரண்டையும் வெளியூருக்கு அனுப்பிப் பிரதி எடுத்துக்கொண்டு வந்தார் ஒரு கல்லூரி ஆசிரியர், இளவயதுக்காரர். பேசும்படம் வருவதற்கு முந்தைய காலத்துக் குடும்பக் கதை. தொடக்கமே இல்லாததால் படத்தின் பெயர் என்ன, எடுத்தவர் யார், நடித்தவர்கள் யார், ஒன்றும் தெரியவில்லை.

"டீச்சர், அந்தக் காலத்துல திரைக்குப் பக்கத்துல ஒருத்தர் நின்னுக்கிட்டு எழுத்து அட்டையை எல்லாம் சத்தமா வாசிப்பாராம். படிக்கத் தெரியாதவங்களுக்காக. நீங்க வாசிச்சா எப்படி இருக்கும்!" என்று அவர் கேட்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆர்மோனியத்துக்கு இஸ்மாயில் அண்ணனைப் பிடித்தோம். கல்யாண வீடுகளில் கீபோர்டு வாசிப்பவர். ஆர்மோனியம் அவருடைய வாப்பா விட்டுப்போனது. துருத்தியில் ஓட்டை விழுந்து சைக்கிள் டியூப் ஒட்டி வைத்திருந்தார்.

படம் ஒரு மணி நேரத்துக்கும் குறைவுதான். அக்கா, தங்கை. அக்காவுக்குக் கல்யாணமாகிப் பல வருடமாகியும் குழந்தை இல்லை. தங்கையை ஜமீன் வீட்டுப் பிள்ளை ஒருவன் ஆசை காட்டிக் கைவிடுகிறான். அவள் கர்ப்பமாகிறாள். குடும்ப மானத்துக்காக அக்கா தன் வயிற்றில் துணியைச் சுற்றிக்கொண்டு ஊர் கண்ணுக்குக் கர்ப்பிணியாக நடக்கிறாள். குழந்தை பிறந்ததும் அக்காவிடம் கொடுத்துவிட்டுத் தங்கை ஆற்றில் இறங்குகிறாள்.

"தமக்கையே! இம்மகவை நின் மகவென வளர்ப்பாயாக!" என்பது பதினைந்தாவது அட்டை. இதை வாசிக்கும்போது குரலை எங்கே இறக்குவது, எங்கே நிறுத்துவது என்றெல்லாம் பென்சிலால் குறித்து வைத்திருந்தேன்.

அம்மா கேட்டுக்கொண்டது

ஒரு வாரம் வீட்டில் சத்தம் போட்டுத்தான் பயிற்சி செய்தேன். அம்மா அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். எண்பது வயதை எட்டும் நேரத்திலும் அந்த வேலையை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். பதினைந்தாவது அட்டையை நான் மூன்றாம் முறை வாசித்தபோது கையில் பாதி உரித்த வெங்காயத்தோடு கூடத்துக்கு வந்து நின்றார்.

"என்ன கதை அது?"

சொன்னேன். முழுக்கக் கேட்டார். வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"இதுக்கு வள்ளியக் கூப்பிடாத."

"ஏம்மா?"

"அவளுக்குப் பிரசர் இருக்கு."

நான் சிரித்துவிட்டேன். வள்ளி சித்திக்குப் பிரசர் இருப்பதும் உண்மை, சினிமா என்றால் உயிர் என்பதும் உண்மை. அம்மாவைவிட ஐந்து வயது இளையவர். கிராமம் கிராமமாகச் சைக்கிளில் போய்ப் பிரசவம் பார்த்த நர்சம்மா. ஓய்வு பெற்றதும் நெற்குப்பையில் ஒரு சின்ன ஓட்டு வீட்டில் தனியாக இருக்கிறார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. செவ்வாய் தோஷம், வந்த இடமெல்லாம் தட்டிப்போச்சு என்பதுதான் எனக்குத் தெரிந்த காரணம்.

சித்தியோடு சினிமாவுக்குப் போவது அம்மாவுக்கு ஒரு தண்டனை. "டேய், பின்னாடி நிக்கிறான் பாருடா", "அந்தப் பாலக் குடிக்காத, மருந்து கலந்திருக்கு" என்று திரையைப் பார்த்துக் கத்துவார். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வார். எனக்கும் தம்பி சேகருக்கும் படத்தைவிடச் சித்தியைப் பார்ப்பதுதான் வேடிக்கை.

அப்படிப்பட்டவரை, நானே குரல் கொடுக்கும் படத்துக்குக் கூப்பிடாமல் இருக்க முடியுமா? அம்மாவுக்குத் தெரியாமல் போன் செய்தேன்.

"நான் வராம யாரு வருவா? ஊமைப்படமா? அப்ப நான் நல்லாப் பேசலாம்" என்றார் சித்தி.

இதைக் கேள்விப்பட்டதும் அம்மாவின் முகம் வெளுத்தது. முழங்கால் வலி, நான் வரலை என்று இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தவர், "அப்ப நானும் வாரேன். அவ பக்கத்துல எனக்கு நாற்காலி போடச் சொல்லு" என்றார். பாசம் என்று எடுத்துக்கொண்டேன். என்ன ஒரு புத்தி எனக்கு!

கதவு திறந்தது

அது ஒரு மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, மாலை நாலு மணிக் காட்சி. கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடும் பழைய பெரிய வீடு ஒன்றின் கூடம். ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மறைத்திருந்தார்கள். நாற்காலிகளெல்லாம் நிறைந்து பின்னால் நின்றுகொண்டிருந்தார்கள்.

முதல் பத்து நிமிடம் ஒரே சிரிப்பு. அந்தக் காலத்துப் படத்தில் எல்லோரும் வேகவேகமாக நடக்கிறார்கள் இல்லையா? மாமியார் கோபித்துக்கொண்டு போவதும் ஓட்டப் பந்தயம் போலிருந்தது. கதாநாயகிக்கு வெளிறிய கண்கள். அப்போதெல்லாம் நம் குடும்பங்களிலிருந்து பெண்கள் நடிக்க வரமாட்டார்களாம், வெள்ளைக்காரக் கலப்புள்ள பெண்கள்தான் சேலை கட்டி, பொட்டு வைத்து நடித்தார்களாம். கறுப்பு வெள்ளையில் அந்தக் கண்கள் உள்ளே ஒன்றுமே இல்லாதது போலத் தெரிந்தன. போகப்போகச் சிரிப்பு அடங்கியது. அக்கா வயிற்றில் துணியைச் சுற்றும் காட்சியில் கூடத்தில் ஒரு இருமல் சத்தம்கூட இல்லை.

அப்புறம் ஆறு. அப்புறம் அந்தக் குரல்.

"வள்ளி, வாய மூடு. கலா காதுல விழுது."

அந்த ஆறு சொற்களைக் காது வாங்கிக்கொண்டது. மனது வாங்க மறுத்தது. என் காதில் விழுந்தால் என்ன? ஒரு கிழவி சினிமாவில் கத்துவது எனக்குத் தெரியக்கூடாத ரகசியமா? 'நான் செத்தேனா' என்றால், சித்தி எப்போது சாக வேண்டியிருந்தது?

கையில் இருந்த தாள் மேசை விளக்கில் உரசி மைக்கில் கரகரவென்று கேட்டது.

நாற்காலி ஒன்று தரையில் இழுபடும் ஓசை. பின்பக்கக் கதவை யாரோ திறந்தார்கள். வெளியே அடித்த வெயில் ஒரு கோடாக உள்ளே பாய்ந்து திரையில் விழ, ஒரு கணம் படமே அழிந்து வெறும் வெள்ளையாகிவிட்டது. கதவு நிலையில் சித்தியின் உருவம், தோளில் பை. கதவு சாத்திக்கொண்டது. மறுபடி ஆறு தெரிந்தது. அதில் அந்தப் பெண் இல்லை.

"டீச்சர், நிப்பாட்டச் சொல்லவா?" இஸ்மாயில் அண்ணன் குனிந்து கேட்டார்.

தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று தெரியவில்லை. அவர் ஒரே ஒரு கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டார். அந்த ஒற்றை ஸ்வரம் விடாமல் ஒலித்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் நான் நின்றேன்.

படம் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. திரையில் அக்கா குழந்தையை மார்போடு அணைத்தபடி வாசலில் நின்றாள். பதினேழாவது அட்டை வந்தது. நூறு பேர் என் குரலுக்காகக் காத்திருந்தார்கள். வாசித்தேன்.

"கண்ணே! நின் சிற்றன்னை எங்கே என வினவினால் யான் யாது உரைப்பேன்?"

'சிற்றன்னை' என்ற இடத்தில் குரல் உடைந்தது. முன்வரிசையில் கைதட்டினார்கள். நடிப்பு என்று நினைத்துவிட்டார்கள்.

நாற்காலி அடுக்கும் சத்தத்தில்

படம் முடிந்து யார் யாரோ வந்து கையைப் பிடித்துப் பாராட்டினார்கள். ஒன்றும் ஏறவில்லை. கூட்டம் கலைந்தபோது நாலாவது வரிசையில் அம்மா மட்டும் உட்கார்ந்திருந்தார். மடியில் இரண்டு தண்ணீர் பாட்டில்கள். ஒன்று சித்தியுடையது.

"சித்தி எங்கம்மா?"

"பஸ் ஏறிருப்பா."

"என்னம்மா அது? என் காதுல என்ன விழக்கூடாது?"

பின்னால் பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். டப், டப் என்று சத்தம். அம்மா அந்தச் சத்தம் ஓயட்டும் என்று காத்திருப்பது போலிருந்தார். அது ஓயவில்லை.

"நான் ஒன்னையப் பெக்கல கலா" என்றார். "வளத்தேன். அம்புட்டுத்தான்."

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். அது சித்தி உட்கார்ந்திருந்த நாற்காலி.

அம்மா கோர்வையாகப் பேசத் தெரியாதவர். அன்றைக்கு மட்டும் பல வருடம் மனதுக்குள் சொல்லிப் பார்த்தவர் போலச் சொன்னார்.

சித்திக்கு அப்போது பத்தொன்பது வயது. அமராவதிபுதூர்ப் பக்கம் ஒரு முறைமாப்பிள்ளை. ஐப்பசியில் பரிசம் போட்டு நிச்சயம் செய்தார்கள். தையில் கல்யாணம் என்று பேச்சு. நிச்சயமான உரிமையில் மாப்பிள்ளை தாத்தா வீட்டுக்கு வரப்போக இருந்தார், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மார்கழியில் கண்மாய் மடைத் தண்ணீருக்காக இரண்டு வீட்டு ஆண்களும் அடித்துக்கொண்டார்கள். தாத்தாவின் மண்டையில் அரிவாள் வெட்டு. கல்யாணம் நின்றது. பங்குனிக்குள் அந்த வீட்டார் மாப்பிள்ளைக்கு வேறு பெண் பார்த்துக் கட்டி வைத்துவிட்டார்கள்.

"வள்ளி அப்ப மூணு மாசம்" என்றார் அம்மா. "ஒங்க தாத்தா, தலையில வெட்டுத் தழும்போட வாசல்ல நின்னு அவளுக்கு ஊருணியக் கைகாட்டினாரு. 'போ, போயி விழு'ன்னாரு. பெத்த அப்பன்."

"நீ என்ன செஞ்சம்மா?"

"நான் என்னத்தச் செய்ய? வாயப் பொத்திக்கிட்டு நின்னேன். அவ குடத்த எடுத்துக்கிட்டுப் போனா. ஒங்கப்பா மில்லுல இருந்து வந்தவரு, சங்கதியக் கேட்டுச் செருப்புகூடப் போடாம ஓடினாரு. பாதி வழியில எதிரே வாரா. குடத்துல தண்ணியோட."

அம்மாவுக்குக் கல்யாணமாகி அப்போது ஐந்து வருடம். குழந்தை இல்லை. அப்பா அரிசி மில்லில் போர்மேன். திருச்சிப் பக்கம் ஒரு மில்லில் வேலை கேட்டு வாங்கிக்கொண்டு இரண்டு பேரையும் அழைத்துப்போனார். படத்தில் வருவது போலத் துணியெல்லாம் சுற்றவில்லை. ஆஸ்பத்திரியில் சித்தியை அம்மாவின் பெயரில் சேர்த்தார்கள். மறு வருடம் ஊர் திரும்பும்போது அம்மாவின் கையில் நான் இருந்தேன். சித்திக்கு நர்ஸ் பயிற்சிக்கு விண்ணப்பம் எழுதிப் போட்டதும் அப்பாதான்.

"சேகரு பொறந்தான். அவன நான் பெத்தேன். ஒரு நாளாவது பேதம் பாத்தேனா? சொல்லு. பாத்தேனா?"

அதற்கு நான் அப்போது பதில் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

நான் சொன்ன ஒரு சொல்

அதற்குப் பிறகு என்னைத் தாக்கியதைச் சொல்ல வேண்டும். பத்திரிகையில் நான் எழுதிவரும் இந்தத் தொடரில் என்னைப் பற்றி நல்லதாகவே எழுதி வருகிறேன் என்று ஒரு வாசகர் குறைப்பட்டிருந்தார். அவருக்காகவும்தான்.

என் மகனுக்கு இரண்டு வயதிருக்கும்போது காய்ச்சல் கண்டு வலிப்பு வந்தது. சித்தி வந்து ஈரத் துணியால் உடம்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். "பதறாத கலா, சரியாப் போயிரும்" என்று அமைதியாகச் சொன்னார். அந்த அமைதி எனக்கு எரிச்சலாக இருந்தது. "நீங்க பெத்துப் பாத்திருந்தா தெரியும் சித்தி" என்றேன்.

சித்தி துணியைப் பிழிந்தார். மறுபடி நனைத்தார். பிள்ளையின் கழுத்து மடிப்பில் துடைத்தார். அடுப்படி வாசலில் அம்மா நின்றுகொண்டிருந்தார்.

அந்தக் கூடத்தில், சித்தி எழுந்துபோன நாற்காலியில் உட்கார்ந்தபடி, அந்தச் சொல் என் வாயிலிருந்து வெளிவந்த சத்தத்தை மறுபடி கேட்டேன். அம்மா பாட்டிலைத் திறந்து கொடுத்தார். தண்ணீர் பாதி சேலையில் கொட்டியது.

முறை மாறவில்லை

சிவகங்கையில் அரசு வேலையில் இருக்கும் சேகருக்கு மறுநாள் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப நான் ஒனக்குத் தம்பி இல்லையாக்கா?" என்றான். ஐம்பது வயதைத் தாண்டியவன். குரல் ஆறு வயதுக்குப் போயிருந்தது.

"பெரியம்மா மகன் தம்பிதானடா" என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. தமிழில் முறை மாறுவதில்லை. அம்மாவின் அக்காள் மகனும் தம்பிதான், தங்கை மகனும் தம்பிதான். அவன் எனக்குத் தம்பியாகவே இருந்தான். அம்மாதான் ஒரே நாளில் பெரியம்மா ஆகியிருந்தார். அந்தச் சொல்லை மனதுக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்தேன். யாரோ ஒரு பெண்மணியைக் குறிப்பது போலிருந்தது.

நான்கைந்து நாட்கள் வீட்டில் பேச்சே இல்லை. எனக்கு யார்மீது கோபம் என்று தெரியவில்லை. ஐம்பத்தைந்து வருடம் கூடவே இருந்து பொய் சொன்னவரிடமா? ஒதுங்கியே இருந்து பொய் சொன்னவரிடமா? செத்துப்போன அப்பாவிடமா? அவர் எனக்கு அப்பாவே இல்லை என்று நினைக்க முயன்றேன். ஊருணிக்குச் செருப்பில்லாமல் ஓடிய கால்கள்தான் நினைவுக்கு வந்தன.

ஆறாம் நாள் காலையில் கூடத்தில் ஒரு துணிப்பை இருந்தது. அம்மாவின் நாலு சேலை, மாத்திரை டப்பா, மூக்குக்கண்ணாடி.

"சேகர் வீட்டுக்குப் போயிருறேன். நீ ஒங்கம்மாவ இங்கிட்டுக் கூட்டிட்டு வந்து வச்சுக்க. அவளும் தனியாக் கெடக்கா."

'ஒங்கம்மா' என்று அவர் சொல்லி நான் கேட்டது அதுவே முதல் முறை. கோபத்தில் சொல்லவில்லை, உரிமையை ஒப்படைப்பது போல, கையெழுத்துப் போடுவது போலச் சொன்னார்.

பையை எடுத்துப்போய்ச் சேலைகளை ஒவ்வொன்றாக அலமாரியில் பழையபடி அடுக்கினேன். அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "பேதம் பாக்கலம்மா. ஒரு நாளும் பாக்கல" என்றேன். அதற்குமேல் இருவராலும் முடியவில்லை. அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுத அழுகையில் அவருடைய பல்செட் கழன்று கையில் வந்துவிட்டது. அழுதுகொண்டே சிரித்தோம்.

நெற்குப்பைக்குப் போன அன்று

பதினோரு நாள் கழித்துத்தான் சித்தியைப் பார்க்கத் துணிச்சல் வந்தது. போனபோது பக்கத்து வீட்டுக்காரர் ஒருவருக்கு இரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தார். "உப்பக் கொறைங்கன்னு சொன்னேன்ல? கருவாடு தின்னீகளா?" என்று அதட்டி அனுப்பிவிட்டு என்னைப் பார்த்தார்.

"வா. இங்குட்டு வந்து உக்காரு, வெயில்ல நிக்காத."

காப்பி போட்டுக்கொண்டு வந்தார். இரண்டு டம்ளரையும் கீழே வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். முன்கூட்டி நினைத்து வைத்திருந்த கேள்விகள் ஒன்றுகூட நினைவில் இல்லை.

"ஏன் சித்தி அப்படிக் கத்துனீக?" என்றேன்.

"பின்ன? எல்லாக் கதையிலயும் அவளக் கொன்னுபுடுறாய்ங்க. கெடுத்தவன் குதிரையில ஏறிப் போயிக்கிட்டே இருக்கான். அவ சாகணுமாம். எம்புட்டுப் படம் பாத்துட்டேன்! ஒருத்தியாச்சும் வீட்டுக்குத் திரும்பி வந்தாளா? அன்னைக்குப் பொறுக்க முடியல. நீ வேற அழகா வாசிக்கிற, அவ சாகுறதுக்குத் தோதா."

"தாத்தா ஊருணியக் காட்டுனாராமே."

"காட்டுனாரு. போயி படியில உக்காந்தேன். காலை விட்டேன். தண்ணி குளுந்து கெடந்துச்சு. மீனு வந்து கால் வெரலக் கடிச்சுச்சு. அப்படியே கொஞ்ச நேரம் இருந்தேன். பசிச்சுச்சு. எந்திரிச்சு வந்துட்டேன்."

"அவ்வளவுதானா?"

"அம்புட்டுத்தான். வேறென்ன?"

பரிசம் போட்ட அந்த மனிதரைப் பற்றிக் கேட்டேன். இருக்கிறாரா என்றேன். "இல்ல. போயி ரெண்டு வருசமாச்சு. சாவுக்கு நான் போகல" என்றார். அதற்கப்புறம் ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்டேன். "பண்ணுனா, ஒண்ணு பொய் சொல்லணும், இல்ல நெசத்தச் சொல்லணும். ரெண்டுக்கும் எனக்குத் தெம்பு இல்ல."

கடைசியில், சொல்ல வந்ததைச் சொன்னேன். என் மகனுக்குக் காய்ச்சல் வந்த அன்று நான் பேசிய பேச்சை மன்னிக்க வேண்டும் என்றேன். சித்தி என்னைப் புரியாமல் பார்த்தார்.

"எந்தப் பேச்சு?"

நினைவில்லையா, நினைவில்லாதது போல நடித்தாரா, எனக்கு இன்றுவரை தெரியாது. நர்சம்மா முகத்தில் எதையும் படிக்க முடியாது. இதை எல்லாம் பத்திரிகையில் எழுதட்டுமா என்று கேட்டபோதும் அதே முகம்தான். "எழுது. அவ சாகலன்னு எழுது" என்றார்.

ஓட்டின் மேல் அணில் ஓடியது. எங்கிருந்து எனக்கு அந்தக் கேள்வி வந்ததோ!

"என்னைய எத்தனை நாள் வச்சிருந்தீக?"

"மூணு நாளு."

"என்ன பேரு சொல்லிக் கூப்பிட்டீக?"

சித்தி முந்தானை நுனியை விரலில் சுற்றினார், அவிழ்த்தார்.

"பேரு வைக்கல. வச்சா குடுக்க முடியாதுன்னு தெரியும்."

"அப்ப எப்படித்தான் கூப்பிட்டீக?"

"இந்தான்னு" என்றார். "'இந்தா, அழுகாத. இந்தா, இங்குட்டுப் பாரு. இந்தா, தூங்கு.' மூணு நாளும் அதான் ஒம் பேரு."

சித்தியின் குரல் அப்படியே, மருந்துச் சீட்டைப் படிப்பது போலச் சீராக இருந்தது.

"நாலாம் நாளு காலையில அக்கா வந்து கைய நீட்டுச்சு. அப்பயும் அதேதான் சொன்னேன். இந்தா."

சித்தி குனிந்து, ஆறிப்போய் ஆடை படிந்த காப்பியை எடுத்தார். ஆடையை விரலால் ஒதுக்கிவிட்டு டம்ளரை என் பக்கம் நீட்டினார். வாயைத் திறக்கவில்லை.

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.